தேர் இழுத்த ஊர் எஞ்சின் தூக்கிய கதை

எஞ்சின் ஆயில் வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும்.

டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயிற்றுக்கு மருந்து எழுதுவதா, தலைக்கு எழுதுவதா என்று யோசித்தார். கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டேன். குணமாகவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. கூடவே கண்முன்னால் ஓர் எஞ்சின் வந்து தொங்குகிறது.

அது தொங்கியது எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில். குடவாசலிலிருந்து வாய்க்கால் கரையோடு போனால் எங்கள் ஊர். கொட்டகை உத்தரத்தில் ஒரு கப்பி. கப்பியில் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் மோட்டார் காரின் முழு எஞ்சின். மறுமுனையில் என் அப்பா, சித்தப்பா, செங்கொடிச் சங்கத்து மாணிக்கம், அவருடைய தோழர்கள்.

அப்பாவும் மாணிக்கமும் அந்தச் சமயத்தில் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எதிரே பார்த்தால் ஒருவர் வானத்தையும் மற்றவர் வரப்பையும் பார்த்தபடி போவார்கள். இப்போது ஒருவர் மூச்சு மற்றவர் பிடரியில் படும்படி ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவராலும் விட முடியாது.

நான் கயிற்றைப் பிடிக்கவில்லை. அதைவிடப் பொறுப்பான வேலை எனக்கு. புத்தகத்தைப் பிடித்திருந்தேன்.

தாசில்தார்

எங்களிடம் கார் இருந்தது என்று சொல்வதைவிட, நின்றது என்று சொல்வது பொருத்தம். திருப்பனந்தாள் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் புது வண்டி வாங்கியபோது பழையதை அப்பாவின் தலையில் கட்டினார். அப்பா அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஊர் எல்லையிலிருந்து அழைத்துவந்தார்.

வீட்டில் அதற்குத் தாசில்தார் என்று பெயர். கூப்பிட்டவுடன் வராது. வந்தால் லேசில் நகராது. நகர்ந்தால் ஊர் முழுக்கப் புகை.

ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே கார் அதுதான். பாம்புக் கடி, பிரசவ வலி, தென்னையிலிருந்து விழுந்தவர் கால் எல்லாம் அதில்தான் கும்பகோணம் போகும். யார் வந்து கேட்டாலும் அப்பா இல்லை என்று சொன்னதில்லை. நல்ல மனசு ஒரு காரணம். கார் வைத்திருப்பதை நாலு பேருக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்பது இன்னொரு காரணம். பின் சீட்டில் ஒருவர் உயிருக்கு மன்றாடிக்கொண்டிருந்தாலும், தெரிந்தவர் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்காமல் அப்பா தாண்டமாட்டார்.

மாணிக்கத்தின் மனைவி அஞ்சலையும் அந்தப் பின் சீட்டில் போனவள்தான். தலைப்பிரசவம். அவளைக் காப்பாற்ற முடிந்தது, குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. “அடுத்த தடவை வலி கண்டதும் இங்க வந்துடணும். வீட்டுல வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கக் கூடாது” என்று டாக்டரம்மா மாணிக்கத்தை நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்.

இப்போது அடுத்த தடவை வந்துவிட்டது. அஞ்சலைக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டி கட்டிக் கொண்டுபோகிற தூரமில்லை. தாசில்தாரோ நீலப் புகை, கறுப்புப் புகை எல்லாம் விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கொட்டகைக்குள்ளேயே பெருமூச்சுவிட்டு நின்றுவிட்டது.

பல்லி இருந்த பத்தாயம்

அப்போது கழக ஆட்சி. உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, லெவி என்ற சொற்கள் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட காலம். லெவி என்றால், விளைந்த நெல்லில் ஒரு பங்கை அரசாங்கத்துக்கு அளந்துவிட வேண்டும். அளப்பதற்கு ஆபீசர் வருவார். அவர் வருவதற்கு முன்பே நெல் கால் முளைத்து எங்கேயாவது போய்விடும்.

அறுவடைக் கூலியாகத் தரும் நெல்லைக் கூட்டித் தரவேண்டும் என்று மாணிக்கத்தின் சங்கம் கேட்டது. அப்பா முடியாது என்று சொல்லவில்லை. சாமர்த்தியசாலி அவர். “போன போகத்து நெல் அத்தனையும் லெவிக்குப் போயிட்டுது. வீட்டுச் சோத்துக்கே அல்லாடறேன். இருந்தா குடுக்க மாட்டேனா?” என்று நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல்லி இருந்தது. அதுவும் வெளிச்சம் பட்டதும் ஓடிவிட்டது.

குறுவை பழுத்துத் தலைசாய்ந்து நின்றது. பேச்சுவார்த்தை முறிந்தது. பக்கத்து வட்டாரங்களில் அந்த நாட்களில் நடந்தவற்றைச் சிரிப்பாக எழுத என்னால் முடியாது. எழுதவும் கூடாது. எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் போகவில்லை. போகக்கூடும் என்பது மட்டும் இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

இதற்கு நடுவில் மரியாதைத் தகராறு வேறு. “வாடா மாணிக்கம்” என்றுதான் அப்பாவுக்குப் பழக்கம். இனிமேல் ‘டா’ கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. ‘ங்க’ சேர்க்க அப்பாவின் நாக்கு வளையவில்லை. அதனால் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். “வந்தாச்சா? என்ன சேதி? சொல்றது” என்பார். எதிரில் நிற்பது மாணிக்கமா, மழையா, தபாலா என்று கேட்பவருக்குத் தெரியாது.

சித்தப்பா கரை வேட்டிக்காரர். ஆட்சி தன்னுடையது என்ற பெருமையும், அந்த ஆட்சி தன் அண்ணனைக் கவனிக்க வேண்டும் என்ற ஆசையும் சம அளவில் உண்டு. ஒரே வீடு, ஒரே அடுப்பு. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் உடன்பாடு.

பாய் போட்ட நிபந்தனை

மெக்கானிக் ரஹ்மத்துல்லா பாய் குடவாசலிலிருந்து வந்தார். மலேயாவில் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அதை நாம் மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் பேச்சுக்குப் பேச்சு ஞாபகப்படுத்துவார். தாசில்தாரின் மார்பைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரிங் போயிடுச்சுங்க. இறக்கித்தான் பாக்கணும்.”

ஆயிலை வடித்தார். ரேடியேட்டரைக் கழற்றினார். குழாய், ஒயர், போல்ட் எல்லாவற்றையும் விடுவித்தார். எஞ்சின் சும்மா உட்கார்ந்திருந்தது. தூக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கே நிறுத்திக்கொண்டு பாய் கையைத் துடைத்தார்.

“நீடாமங்கலத்துல நமக்குத் தெரிஞ்ச ரைஸ்மில்லுல செயின் பிளாக் இருக்கு. போயி எடுத்துட்டு வந்துடறேன். சங்கிலிய இழுத்தா பாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். கைய விட்டா அப்படியே நிக்கும். மலேயாவுல அது இல்லாம ஒருத்தன் எஞ்சின் கிட்டயே வரமாட்டான்.”

அப்பாவுக்கு இது தன்மானப் பிரச்சினை. எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் முதல் வடம் பிடிப்பவர் அவர்தான்.

“ஊர்த் தேரையே இழுக்கறோம் பாய். ஒரு எஞ்சினுக்கு மெஷினா?”

“தேரு வேறங்க, இது வேற.”

“என்ன வேற? அதுவும் பாரம், இதுவும் பாரம்.”

பாய் வாதாடவில்லை. சைக்கிளில் ஏறிக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். “நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்காதீங்க. அப்பறம், வெளிய எடுத்தா வெறுந்தரையில வைக்கக் கூடாது. அடியில ஆயில் நிக்கற சம்ப் மெல்லிசு. உடைஞ்சா மெட்ராஸுக்கு எழுதித்தான் வரவழைக்கணும். மாசக்கணக்காவும்.”

சைக்கிள் வாய்க்கால் மதகைத் தாண்டியிருக்காது. மாணிக்கம் தன் தோழர்களோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். தூரத்தில், வேலியோரம் பூவரச மர நிழலில், அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, வண்டி எப்ப ஆவும்?” என்று மாணிக்கம் என் அம்மாவைக் கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார். “பாய் செயின் பிளாக்குக்குப் போயிருக்கார். ரைஸ்மில்காரன் குடுத்தாத்தான் உண்டு.”

“இத்தன பேரு இருக்கோம். நாமளே தூக்கிடலாமே” என்றார் மாணிக்கம், தூணைப் பார்த்து.

அப்பா முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் கண்டதில்லை. “அதைத்தானே நானும் சொன்னேன்!”

எங்கள் ஊரில் மிராசுதாரரும் விவசாயத் தொழிலாளியும் கருத்தொருமித்த முதல் விஷயம் அது. துரதிர்ஷ்டவசமாக அது தப்பான விஷயமாக இருந்தது.

யார் பெயரைச் சொல்லி இழுப்பது

கிணற்றிலிருந்து கப்பியைக் கழற்றி உத்தரத்தில் மாட்டினார்கள். “பர்மா தேக்கு, யானையையே கட்டலாம்” என்று அப்பா உத்தரத்தைத் தட்டினார். குருவிக் கூடு ஒன்று அவர் தோளில் விழுந்தது. பாரவண்டிக் கயிற்றை எஞ்சினைச் சுற்றிக் கட்டி, கப்பியில் கோத்து, எல்லோரும் வரிசையாகப் பிடித்தார்கள்.

நான் பி.ஏ. முடித்துவிட்டு, அரசாங்கம் என்னைத் தேடி வரும் என்று வீட்டில் காத்திருந்த காலம். வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை மொழிபெயர்க்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “தொங்குகின்ற பாரத்தின் அடியில் எவரும் நிற்றலாகாது” என்று படித்தேன்.

“எஞ்சின்னு சொல்லாதே, பொறின்னு சொல்லு” என்றார் சித்தப்பா கயிற்றின் கடைசியிலிருந்து.

“நான் எஞ்சின்னே சொல்லலையே சித்தப்பா.”

“இனிமே சொல்லுவேல்ல, அதுக்குத்தான்.”

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். வழக்கம்போல் குரலை உயர்த்தி “ஆரூரா!” என்றார். தேர் இழுக்கும்போது இதற்கு ஊரே “தியாகேசா!” என்று பதில் சொல்லி ஒரே மூச்சில் இழுக்கும். இப்போது அப்பா மட்டும் இழுத்தார். எஞ்சின் அசையவில்லை. அப்பா அசைந்தார்.

“சாமி பேரச் சொன்னா நான் இழுக்கமாட்டேன்” என்றார் சித்தப்பா. “கொள்கைன்னு ஒண்ணு இருக்கு.”

“அப்ப எதைச் சொல்லி இழுக்கறது?”

“தமிழ் வாழ்கன்னு சொல்லுவோம். யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.”

மாணிக்கத்துக்கு இருந்தது. “எங்க ஆளுங்களுக்குப் ‘பாட்டாளி ஒற்றுமை ஓங்குக’ன்னு சொன்னாத்தான் கை ஒண்ணா வரும். பழக்கம்.”

“என் கொட்டகையில, என் எஞ்சினை, பாட்டாளி ஒத்துமை சொல்லித் தூக்கறதா?” என்றார் அப்பா தூணிடம்.

சரி, அவரவர் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிக்கொள்வது என்று முடிவாயிற்று. விளைவு: ஆரூரன் இழுத்தபோது தமிழ் மூச்சு வாங்கியது. தமிழ் இழுத்தபோது பாட்டாளி பிடியை மாற்றினான். எஞ்சின் ஒரு பக்கம் எழுந்து, மறு பக்கம் படுத்து, காய்ச்சல்காரன் மாதிரி புரண்டது.

“ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுவோம்” என்று ஒரு தோழர் யோசனை சொன்னார். அதில் மதம் இல்லை, கட்சி இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மூணு என்னும்போது இழுப்பதா, மூணு சொல்லி முடித்தபின் இழுப்பதா என்பதில் மறுபடியும் பிளவு.

“வாயை மூடிக்கிட்டு இழுங்களேன்” என்றார் அம்மா.

இழுத்தார்கள். எஞ்சின் எழுந்தது.

உண்மையிலேயே எழுந்தது. உத்தரம் முனகியது. கறுத்துப் பளபளத்துக்கொண்டு, வடித்தும் வடியாத ஆயிலைச் சொட்டிக்கொண்டு, அந்த இரும்பு மேலே வந்தது. நான் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டுத் தாசில்தாரைப் பின்னால் தள்ளினேன். எஞ்சின் இல்லாத தாசில்தார் அதுவரை காட்டாத சுறுசுறுப்போடு உருண்டு வெளியே போய் முருங்கை மரத்தில் முட்டி நின்றது.

எல்லோரும் வெற்றிச் சிரிப்பு சிரித்தோம். எஞ்சின் இடுப்பு உயரத்தில் தொங்கியது. கீழே வெறும் கருங்கல் தரை.

சிரிப்பு மெல்ல அடங்கியது.

தேர் நிற்கும்

இந்த இடத்தில் தேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தேர் இழுக்க ஆயிரம் கை வரும். முட்டுக்கட்டை போடுபவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சக்கரத்துக்கு அடியில் குனிந்து, சரியான நேரத்தில் கட்டையைச் செருகித் தேரை நிறுத்தும் மனிதர் அவர். மாலை வடம் பிடிப்பவருக்கு. எரிச்சல் பேச்சு கட்டைக்காரருக்கு. தேர் பாட்டுக்கு நகர்ந்து கொஞ்ச தூரத்தில் தானே நின்றுவிடுகிறது என்றே இழுப்பவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். அலுத்துப்போனால் வடத்தைக் கீழே போட்டுவிட்டு நீர்மோர் குடிக்கப் போவார்கள். தேர் நிற்கும்.

எஞ்சின் நிற்காது.

இதைத்தான் பாய் ‘தேரு வேற’ என்றார். தலைமுறை தலைமுறையாகத் தேர் இழுத்த எங்கள் கைகளுக்கு, இழுத்த கயிற்றை அப்புறம் என்ன செய்வது என்பது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. தூணில் கட்டலாம் என்று பார்த்தால், கயிற்றின் கடைசி முழம் சித்தப்பா கையில் முடிந்துவிட்டது. தூண் அவருக்குப் பின்னால் எட்டாத் தூரத்தில் நிம்மதியாக நின்றது.

“மெதுவா இறக்கிடலாம்” என்றார் மாணிக்கம்.

இறக்கிப் பார்த்தார்கள். யாரோ கொஞ்சம் விட்டார். யாரோ நிறைய விட்டார். கயிறு சரேலென்று ஒரு சாண் ஓடியது. உள்ளங்கை எரிந்து எல்லோரும் ஒரே குரலில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். சற்று முன்பு அந்த ஒற்றுமை வாய்த்திருந்தால் எஞ்சின் நேராகவே எழுந்திருக்கும். அந்த வார்த்தையைப் பத்திரிகையில் எழுத முடியாது.

எஞ்சின் ஊஞ்சலாடியது. கப்பி கிறீச்சிட்டது.

“இனிமே ஒரு விரக்கடை கூட விடாதீங்க!” என்று கத்தினார் அப்பா. பிறகு, முன்னால் நின்ற பிடரியைப் பார்த்து, “மாணிக்கம், விட்டுடாதீங்க!” என்றார்.

மாணிக்கம் திரும்பவில்லை. “விட்டா எனக்குத்தான் நஷ்டம்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. வேலியோரத்தில் அஞ்சலை எழுந்து நின்றிருந்தாள். எஞ்சின் கல்லில் விழுந்தால் சம்ப் உடையும். மெட்ராஸிலிருந்து சம்ப் வருவதற்குள் அவளுக்கு நாள் வந்துவிடும். இது கயிற்றில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பாவின் உதடு லேசாக அசைந்தது. என்ன சொல்கிறார் என்று காதைக் கொடுத்தேன். ‘ஆரூரா, ஆரூரா’ என்றது. நான் அதை இத்தனை வருஷமாக வெளியில் சொன்னதில்லை.

இல்லாத மூட்டை

“கீழ ஏதாவது மெத்துனு அண்டக் குடுக்கணும்” என்றார் மாணிக்கம்.

“வைக்கோலைப் போடு!” என்றார் அப்பா என்னிடம்.

“வைக்கோல் அமுங்கிடுமுங்க. தரைக்குப் போயிடும்.”

அதுவரை வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, தலைப்பை இழுத்துச் செருகினார்.

“ஏங்க, அந்த வைக்கோலுக்குப் பின்னால இருக்கறத இழுத்துப் போட்டா என்ன?”

கொட்டகையின் உள்சுவரை ஒட்டி, கூரைவரை வைக்கோல் அடைத்திருந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டிய வைக்கோல் கார் கொட்டகையில் ஏன் இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பி.ஏ.வில் அதெல்லாம் சொல்லித் தருவதில்லை.

“அங்க ஒண்ணும் இல்லடி” என்றார் அப்பா. முகம் சிவந்திருந்தது. பாரமும் ஒரு காரணம்.

“சரி. இல்லாததையே இழுத்துப் போடறேன்.”

அம்மா வைக்கோலைப் பிய்த்துத் தள்ளினார். பின்னால், சாக்கு தைத்த வாயும் பருத்த வயிறுமாக, நெல் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. லெவி ஆபீசர் கண்டதில்லை. சங்கம் கண்டதில்லை. கூடப் பிறந்த சித்தப்பாவே கண்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“அண்ணே!” என்றார் சித்தப்பா. ஆளுங்கட்சி மட்டும் பேசியிருந்தால் அந்தக் குரல் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த மூட்டைகளில் பாதி தன்னுடையது என்பதும் அதே நொடியில் அவருக்கு உறைத்துவிட்டது. கயிற்றை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“நீ என்னடா நிக்கறே? பிடி” என்றார் அம்மா.

“அம்மா, தொங்குகின்ற பாரத்தின் அடியில்...”

“அடியில யாரு போகச் சொன்னா? புத்தகத்தை வச்சுட்டு அந்த மூங்கிக் கழிய எடு.”

கொக்கி போட்டு மூட்டையை இழுத்துவந்து, எட்டத்தில் நின்று கழியால் எஞ்சினுக்கு அடியில் நெட்டித் தள்ளினோம். பலகையைச் சாய்வாகப் போட்டு, அதன்மேல் இன்னொரு அடுக்கு ஏற்றினோம். என் முதுகெலும்பு அன்றைக்கு எழுப்பிய சத்தத்தை இன்றைக்கும் மார்கழி மாதத்தில் எழுப்புகிறது. மூட்டை உயர உயர, எஞ்சினுக்கும் நெல்லுக்கும் இடையே வெளிச்சம் குறைந்தது.

“இப்ப விடுங்க. கொஞ்சமா” என்றார் அம்மா.

விட்டார்கள். எஞ்சின் நெல்லில் இறங்கியது. மூட்டை பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்தில் சம்ப் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. சரசரவென்று நெல் நகரும் ஓசை. அதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை.

ஆனால் மாணிக்கம் கயிற்றை விடவில்லை.

“அம்மா, இந்தப் பக்கம் ஆடுற மாதிரி இருக்கு. இன்னொரு மூட்டை முட்டுக் குடுங்க.”

கொடுத்தோம்.

“அந்தப் பக்கம்?”

கொடுத்தோம்.

“பின்னாடி கொஞ்சம் தொய்வா இருக்குல்ல, தோழர்?”

“ஆமாம் ஆமாம்” என்றார் சித்தப்பா. வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தோழர் என்று கூப்பிடப்பட்டதில் அவருக்கு ஒரு பூரிப்பு.

வைக்கோலுக்குப் பின்னால் சுவர் தெரிகிறவரை எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார் மாணிக்கம். கடைசி மூட்டையும் வெளியே வந்தபிறகுதான், “ம், இப்ப ஆடல” என்று கயிற்றை விட்டார். மன்னர் ஒருவர் மெத்தை தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருப்பதுபோல் எஞ்சின் வீற்றிருந்தது.

அப்பா அதற்குப் பக்கத்தில், தரையில், தோளில் குருவிக் கூட்டின் மிச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்.

நிமிர்ந்த கொக்கி

பாய் செயின் பிளாக்கோடு வந்தபோது நாங்கள் எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் எஞ்சினைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். பிறகு உத்தரத்தைப் பார்த்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, கப்பியைக் கழற்றி வந்து எங்கள் நடுவில் வைத்தார்.

குடம் தூக்கச் செய்த கப்பி. அதன் இரும்புக் கொக்கி வாயைப் பிளந்து, ஏறக்குறைய நேராகிவிட்டிருந்தது. இன்னும் ஒரு கொட்டாவி விட்டிருந்தால் போதும்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. மலேயாவைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாணிக்கம் எழுந்தார். மூட்டைகளைப் பார்க்காமல் பேசினார்.

“நாங்க எஞ்சினத்தான் பாத்தோம். வேற எதையும் பாக்கல. ஆபீசர் வந்து கேட்டாலும் அதான்.”

அப்பா நிமிர்ந்தார். அவர் கையிலும் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது, அதுதான் வண்டி. அஞ்சலை வேலியோரம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். அந்தச் சீட்டை அவர் போடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

“வண்டி தயாராயிடும்” என்றார் அப்பா. “கூலி வேற, வண்டி வேற.”

மாணிக்கத்தின் கண் மெல்ல மூட்டைகளின் பக்கம் போய்த் திரும்பியது.

“அப்ப கூலி?”

“நெல் இல்லேன்னுதானே சொன்னேன்? குடுக்கமாட்டேன்னு எப்ப சொன்னேன்?” என்று அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். “இருக்கறதாத் தெரிஞ்சா கேட்டதைக் குடுக்க வேண்டியதுதானே.”

தன் வீட்டில் நெல் இருப்பது தனக்கே இப்போதுதான் தெரியவந்தது என்கிற பாவனையை அவர் முகம் அப்பழுக்கில்லாமல் காட்டியது. எங்கள் குடும்பத்தில் கலைஞர்கள் இல்லை என்று யார் சொன்னது?

டிபன் கேரியர்

ரிங் மாற்றிய பிறகு, செயின் பிளாக்கில் எஞ்சின் ஏறி வண்டிக்குள் இறங்கியபோது கோஷம் இல்லை. பாய் ஒருவரே சங்கிலியைக் கிளுகிளுவென்று இழுத்தார். நடுவில் கையை விட்டுவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒரு பீடி குடித்தார். எஞ்சின் அந்தரத்தில் அசையாமல் நின்றது. இதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊர்த் தேருக்கு நேர்ந்ததில்லை.

அறுப்பு தொடங்கிய வாரத்திலேயே அஞ்சலைக்கு வலி கண்டது. தாசில்தார் கைப்பிடியின் ஒரே சுற்றில் கிளம்பியது. அப்பா ஓட்ட, மாணிக்கம் முன் சீட்டில். வழியில் அப்பா ஒரு வீட்டு வாசலிலும் ஹாரன் அடிக்கவில்லை என்று பிற்பாடு மாணிக்கம்தான் ஆச்சரியப்பட்டுச் சொன்னார்.

அம்மா சோறு கட்டிக் கொடுக்க, நான் டிபன் கேரியரோடு பஸ் பிடித்துக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தேன். பெண் குழந்தை. இரண்டு உயிரும் சௌக்கியம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சில் அப்பாவும் மாணிக்கமும் உட்கார்ந்திருந்தார்கள், கயிறு இல்லாமல். காலையிலிருந்து இருவரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

டிபன் கேரியரைத் திறந்தேன். தட்டு இல்லாததால் அடுக்கையே பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு.

மாணிக்கம் ஒரு வாய் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

“ஐயா, இது...”

“ம்.”

“மேல இருந்த மூட்டையா?”

“அதேதான்.”

எஞ்சின் நேராக உட்கார்ந்த மூட்டை. கறுப்பு ஆயில் சாக்கு நனைந்து உள்ளே ஊறியிருந்தது. அம்மா அந்த நெல்லை வெயிலில் காயவைத்து, அவித்து, மறுபடியும் காயவைத்து அரைத்துப் பார்த்தார். வாசனை போவேனா என்றது. அந்தப் போகம் முழுக்க எங்கள் வீட்டில் ரசம் ஊற்றினாலும் தயிர் ஊற்றினாலும் தாசில்தார்தான் மணந்தது.

மாணிக்கம் கையிலிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூலி அளக்கும்போது அதை எங்க பக்கம் தள்ளிடுவீங்கன்னு நெனச்சேன். மோந்து பாத்து வாங்குங்கன்னு ஆளுங்ககிட்டகூடச் சொல்லி வச்சிருந்தேன்.”

“நானும் தள்ளிடலாம்னுதான் நெனச்சேன்” என்றார் அப்பா. “வீட்டுல விடல.”

உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் வந்தது. நல்ல கனத்த குரல். இரண்டு பேரும் கையை நிறுத்திக் கேட்டார்கள்.

பிறகு மாணிக்கம் காலி அடுக்கை அப்பாவின் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் போடுங்க.”

அப்பா போட்டார்.